1870 அஞ்சு சதம்: ஏலத்தில் சொன்ன தரத்தை நம்பலாமா?

ஒக்ரோபர் 5, இரவு 9.40

காசு பார்க்கத் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. லண்டனில் ஒரு ஏலத்தில் 1870ஆம் ஆண்டு இலங்கை அஞ்சு சதம் ஒன்று எடுத்தேன். பணம் என்னுடையது, கை தூக்கியது அங்கே இருக்கிற என் மருமகன். பட்டியலில் "குட் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், ஆங்காங்கே லஸ்டர்" என்று போட்டிருந்தார்கள். அதாவது மிகக் கொஞ்சமே தேய்ந்தது, அங்கங்கே அடித்த நாளின் ஒளி மிச்சம். 62 பவுண்ஸுக்கு விழுந்தது, ஏலக்காரரின் கொமிஷன் அதற்கு மேலே தனி. ஆவணியில் மச்சான் ஊருக்கு வந்தபோது அவருடைய பெட்டிக்குள், ஒரு சப்பாத்து மேசுக்குள் சுருட்டியபடி விசுவமடு வந்து சேர்ந்தது.

என் கண்ணுக்கு அது அதற்குக் கீழ்ப்படியான வெரி ஃபைனுக்கு மேலே போகாது. காசிலுள்ள விக்ரோறியா ராணியின் காதுக்கு மேலே கூந்தல் சப்பையாகக் கிடக்கிறது. நாளை படம் போடுகிறேன். ஏமாந்துவிட்டேனா?

ஒக்ரோபர் 6, காலை 7.15

மூன்று படம் போட்டிருக்கிறேன். மூன்றும் ஒரே காசுதான், நம்புங்கோ. முதலாவது கடையில் ரியூப் லைற்றுக்குக் கீழே எடுத்தது, சொக்லேட் துண்டு மாதிரி இருக்கிறது. இரண்டாவது போனின் ஃப்ளாஷ் போட்டது, ராணிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. மூன்றாவது சற்று முன் விறாந்தையில், கிழக்கு வெயில் சாய்வாக விழும்போது எடுத்தது. தீர்ப்புச் சொல்பவர்கள் மூன்றாவதைப் பார்த்துச் சொல்லுங்கோ. ஏலப் பட்டியலில் இருந்த படத்தை வேண்டுமென்றே போடவில்லை. அது நாலு பக்கமும் வெளிச்சம் வைத்து எடுத்த கலியாணப் படம், ஒரு கீறலும் தெரியாது.

ஒக்ரோபர் 6, பகல் 1.05

"லஸ்டர் எங்கே, காணவில்லையே?" என்று ரொறன்ரோ தம்பி கேட்கிறார். அசையாத படத்தில் அது அகப்படாது தம்பி. ஒரே ஒரு விளக்குக்குக் கீழே காசை விளிம்பில் பிடித்துச் சாய்த்து மெல்லத் திருப்ப வேண்டும். அச்சு வந்து அடிக்கிறபோது செம்பு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அந்த வழிதடம் கண்ணுக்குத் தெரியாத வரிகளாக மேற்பரப்பில் நிற்கும். அதில் ஒளி பட்டால், வண்டிச் சில்லின் ஆரைக்கால் சுற்றுவதுபோல ஒளிப்பட்டைகள் காசின் மேல் சுழலும். புழக்கத்தில் முதலில் சாகிறது இதுதான். உருவம் தேய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

என்னுடைய காசில் எழுத்துகளுக்கு இடையில் அது சுழல்கிறது. ராணியின் கன்னத்துக்கு வந்ததும் அறுந்துபோகிறது. மரம் இருக்கிற பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தாராளம்.

இன்னொன்று: லஸ்டர் வேறு, மினுக்கம் வேறு. குத்துவிளக்கு மாதிரி மினுங்கினால் அது லஸ்டர் இல்லை, யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

ஒக்ரோபர் 7, மாலை 5.30

நிறை கேட்டிருந்தீர்கள். என் கடையில் இருக்கிற தராசு ஒரு கிராமுக்குக் கீழே நம்பக்கூடியதல்ல (போன் திருத்துகிற கடை, தராசு எதற்கு?). கிளிநொச்சிக்குப் போன வழியில் ஒரு நகைக்கடையில் கேட்டேன். "செம்பை நிறுக்கவோ வந்தனீங்கள்?" என்று சிரித்துவிட்டு நிறுத்துத் தந்தார். 18.71 கிராம்.

கணக்கு எளிது. இந்த வரிசைச் செப்புக்காசில் ஒரு இறாத்தலுக்கு 24 அஞ்சு சதம். 453.6ஐ 24ஆல் பிரித்தால் 18.9. ஆக இழந்தது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. ஒரு சதக்காசு அதே இறாத்தலுக்கு 96, அதாவது 4.72 கிராம். குறுக்களவு வேணியரில் 34 மில்லிமீற்றர் வந்தது, அதுவும் சரி. வார்ப்புப் போலி என்றால் நிறையோ அளவோ ஏதாவது ஒன்றில் சறுக்கும், விளிம்பில் பொருத்திய கோடு ஓடும், எழுத்தின் மூலைகள் சவர்க்காரக் கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. காசு அசல். இனித் தரம்தான் வழக்கு.

ஒக்ரோபர் 7, இரவு 10.20

பனை இல்லை, பனை இல்லை, பனை இல்லை. ஐந்து பேர் எழுதிவிட்டீர்கள், "எங்கட பனை காசில இருக்கு" என்று. ஒருவர் தென்னை என்கிறார். அது தாளிப்பனை. வாழ்நாளில் ஒரே ஒரு தரம் பூத்து, காய்த்து, அத்தோடு பட்டுப்போகிற மரம். சிங்கள ஏடுகள் அதன் ஓலையில் எழுதியவை, எங்கள் ஏடுகள் பனையோலையில். பிரிட்டிஷ்காரன் காசில் போட்டது அதைத்தான். மரத்துக்குப் பக்கத்தில் தமிழும் இருக்கிறது சிங்களமும் இருக்கிறது, அதோடு சமாதானமாகப் போங்கோ.

சின்ன வயதில் நானும் பனை என்றுதான் நினைத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒக்ரோபர் 10, இரவு 11.50

முடிந்தது கதை. காசு கழுவப்பட்டது.

இன்று கடை பூட்டிய பிறகு போன் போர்ட் ஒட்டுகிற மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ராணியின் முகத்துக்கு முன்னாலுள்ள வெறும் வெளியில் கோடு கோடாக, ஒரே திசையில், சீப்பால் இழுத்த மாதிரி. மெல்லிய கோடுகள்தான், ஆனால் இருபதுக்கு மேல் எண்ணினேன். யாரோ பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பட்டியலில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேய்வு மன்னிக்கலாம், அது காசு செய்த வேலைக்கு அடையாளம். கழுவினால் மன்னிப்பு இல்லை. பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரித் தரம் பார்க்கிற நிறுவனங்களுக்கு அனுப்பினாலும் அப்படிப்பட்ட காசுக்கு எண் தரமாட்டார்கள், "டீற்றெய்ல்ஸ், கிளீன்ட்" என்று எழுதி மூடி அனுப்புவார்கள்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஐயாவிடம் இதே 1870 அஞ்சு சதம் ஒன்று இருந்தது. அவருடைய அப்பு கையில் இருந்து வந்தது. கமக்காரர்கள் வாய்க்கால் தண்ணீர் முறைக்குச் சண்டை பிடித்தால் அப்பு மடியிலிருந்து அதை எடுத்துச் சுண்டுவாராம். பூவா தலையா இல்லை, "ராணியோ மரமோ?" அந்தப் பெரிய காசு மண்ணில் விழுந்தால் தொப்பென்று சத்தம் கேட்கும் என்று ஐயா சொல்வார். அதோடு ஒரு பிடி சதக்காசு, ஒல்லாந்தர் கொம்பனி முத்திரை போட்ட ஒரு டொயிற் செப்புக்காசு, 1957 புத்த ஜயந்தி வெள்ளி ஐந்து ரூபாய் ஒன்று. எல்லாம் ஒரு பால்மாப் பேணிக்குள். 2009 தையில் வெளிக்கிட்டபோது, கிணற்றடி முருங்கைக்குப் பக்கத்தில் பேணியை ஷொப்பிங் பையால் சுற்றித் தாட்டுவிட்டுப் போனோம். 2011இல் திரும்பி வந்தபோது முருங்கை இல்லை. கிணற்றுக்கட்டிலிருந்து ஐயா அடி எண்ணி அளந்தார். மூன்றாவது கிடங்கில் மண்வெட்டி தகரத்தில் பட்டது.

பேணி துருப்பிடித்துச் சல்லடையாகி இருந்தது. இரண்டு மாரி குடித்த காசுகள் பச்சையும் மண்ணுமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஐயா அவற்றை ஒரு சுளகில் கொட்டிவிட்டு நிவாரணப் பதிவுக்குப் போய்விட்டார். மாலை திரும்பி வந்தபோது அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து கடைசிக் காசைத் தேய்த்துக்கொண்டிருந்தா. பழப்புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய்ப் பொச்சு. செம்புக் குடம் மினுக்குகிற அதே கை. சுளகில் வரிசையாகக் காயப் போட்டிருந்தா. செப்புக்காசு ஒவ்வொன்றும் இளஞ்சிவப்பாக, தோல் உரித்த மாதிரி. ஐயா அந்த அஞ்சு சதத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நல்லா மினுக்கியிருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான்.

அம்மா அந்த வருடம் மினுக்கியது அதை மட்டும் இல்லை. தரப்பாளுக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் மினுக்கினா. அதை நான் விளங்கிக்கொள்ள வெகு காலம் எடுத்தது. ஆனால் 62 பவுண்ஸ் வாங்கிக்கொண்டு லண்டனில் எனக்கு அதே காசை அதே கோலத்தில் விற்பவனை விளங்கிக்கொள்ள முடியாது.

ஒக்ரோபர் 11, காலை 6.10

இரவு எழுதியது நீண்டுவிட்டது. அழிக்கவில்லை, கிடக்கட்டும். இதைச் செய்த ஏல நிறுவனத்தின் பெயர் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சொல்லமாட்டேன். மருமகன் அங்கே இன்னும் போய்வர வேண்டும்.

ஒக்ரோபர் 13, பிற்பகல் 3.25

மன்னிப்பு. ஏலக்காரரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று.

வவுனியா அண்ணை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கோடு பள்ளமோ, மேடோ?" நான் பார்த்திருக்கவில்லை. கோடு என்றால் கீறல் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இன்று பார்த்தேன். விளக்கை இடப்பக்கம் மட்டும் வைத்தேன். மேடான கோடு என்றால் விளக்குக்கு எதிர்ப்பக்கத்தில் நிழல் விழும். பள்ளம் என்றால் விளக்குப் பக்கத்துச் சுவரே இருட்டாகும். எனக்கு இது முதலில் பிடிபடவில்லை. தெரிந்த ஒன்றை வைத்துப் பழகினேன்: காசிலுள்ள எழுத்து மேடு, அதன் நிழல் எந்தப் பக்கம் என்று பார். பிறகு கோட்டைப் பார். இரண்டின் நிழலும் ஒரே பக்கம். கோடுகள் மேடு.

மேடென்றால் காசில் யாரும் கீறவில்லை. அச்சில் கீறல். காசாலையில் அச்சு பழுதாகும்போது அதைத் தேய்த்து மினுக்கி மறுபடி ஏற்றுவார்கள். அந்தத் தேய்ப்பின் கீறல் அச்சில் பள்ளமாக விழும், அடிக்கிற காசில் மேடாக ஏறும். இன்னொரு சாட்சியும் இருக்கிறது: கோடுகள் ராணியின் மூக்கு வரை வந்து நின்றுவிடுகின்றன, மூக்கின் மேல் ஏறவில்லை. அச்சில் முகம் குழிக்குள் இருக்கிறது, தேய்க்கிற கல் அங்கே இறங்காது. பிரஷ் போட்டுக் காசைத் தேய்த்திருந்தால் முதலில் அடிபடுவது மூக்கும் கன்னமும்தான்.

ஐயாவின் காசை எடுத்து அதே விளக்கில் வைத்தேன். அதில் கோடுகள் மூக்கு, கன்னம், கொண்டை எல்லாவற்றிலும் ஏறி இறங்கிப் போகின்றன, வட்டம் வட்டமாக. அம்மாவின் கை போன வழி. நிழல் மறுபக்கம். இரண்டு காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவனுக்குப் புத்தகம் தேவையில்லை.

ஆக, 10ஆம் திகதி எழுதியதில் காசு கழுவப்பட்டது என்ற பகுதி பிழை. மற்றது சரி.

ஒக்ரோபர் 13, இரவு 8.00

மைக்ரோஸ்கோப்பைப் பற்றி மன்னார் ஆசிரியர் சொன்னது நியாயம். நாற்பது மடங்கில் பார்த்தால் எந்தக் காசும் குண்டும் குழியுமான கிரவல் ரோட்டுத்தான். தரம் பார்க்க 5 முதல் 10 மடங்குக் கண்ணாடி போதும், அதுவும் சந்தேகமான இடத்துக்கு மட்டும். முதல் பார்வை வெறும் கண்ணால். பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்குத் தொழிலால் வந்த நோய். போன் போர்ட்டில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் போன் செத்தது, காசுக்கு அப்படியில்லை.

ஒக்ரோபர் 20, மாலை 6.45

கொஞ்சம் வழி மாறுகிறேன். நேற்று ஒரு பெடியன் கடைக்கு வந்து, பையிலிருந்து ஒரு செப்புத்துண்டை எடுத்து வைத்தான். போன காலபோகத்துக்கு உழுதபோது வயலில் வந்ததாம். "அண்ணை, நீங்கள் காசு வாங்குறனீங்களாம்." கையில் எடுத்தேன். ஒரு பக்கம் படுத்த நந்தி, கீழே "சே" முழுதாக, "து" பாதி. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசு. கை கொஞ்சம் நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

வாங்கவில்லை. மண்ணிலிருந்து வந்த பழைய காசு விற்கிற சாமான் இல்லை, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டியது. 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் போட்ட கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது தொல்பொருள். பெடியனுக்கு முகம் வாடிவிட்டது. கிராம சேவகரிடம் முதலில் சொல்லச் சொல்லி, படம் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

ரொறன்ரோ தம்பி இதைக் கேட்டுவிட்டு, "1815 என்று அடித்த, யானை உருவம் போட்ட காசு என்னிடம் இருக்கிறது அண்ணை, அது மார்ச் 2க்கு முன் அடித்ததோ பின் அடித்ததோ?" என்கிறார். தம்பி, யானையைக் கேளுங்கோ.

இதை இங்கே ஏன் எழுதினேன் என்றால், அந்தச் சேதுக் காசுக்கு நான் மேலே சொன்ன ஒரு அளவுகோலும் பொருந்தாது. அது கையால் அடித்தது. அச்சு பெரிது, செம்பு சிறிது, ஒரு பக்கம் எப்போதும் வெளியே விழும். அங்கே பார்க்க வேண்டியது எழுத்து எவ்வளவு உள்ளே விழுந்திருக்கிறது, நந்தியின் திமிலும் தலையும் தெரிகிறதா, மேலே படிந்த பாசிநிறத் தோல் உடையாமல் இருக்கிறதா என்பவை. பெடியனின் காசில் "து" பாதி வெட்டுப்பட்டது தேய்வு இல்லை, அன்றைக்கே அப்படித்தான் பிறந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் ராணியின் கூந்தல் ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் பிறவியிலேயே சப்பையோ?

ஒக்ரோபர் 21, காலை 9.30

ஆம், பாதி பிறவி. 34 மில்லிமீற்றர்ச் செப்புத் தட்டில் அச்சின் ஆழமான இடங்கள் எல்லாம் நிரம்ப நல்ல அழுத்தம் வேண்டும். குறைந்தால் மேடான இடம் முழுதாக எழும்பாது. தேய்ந்த இடம் வழவழவென்று நிறம் மாறி, சுற்றுப்புறத்தைவிட மங்கிக் கிடக்கும். எழும்பாத இடம் அப்படியில்லை, சொரசொரப்பாக, தட்டின் பழைய தோலோடு, சுற்றியுள்ள நிறத்திலேயே இருக்கும். காதுக்கு மேலே கூந்தல்: சொரசொரப்பு, நிறம் மாறவில்லை. அது காசாலையின் குறை. புருவம், கன்னம், கூந்தலில் உயர்ந்த ஒரு அலை: மங்கல். அது புழக்கம். முதல் நாள் நான் குற்றம் சாட்டிய இடம் குற்றமற்றது, நான் கவனிக்காத கன்னம்தான் குற்றவாளி.

நவம்பர் 3, இரவு 9.15

ரொறன்ரோ தம்பியும் நானும் பத்து நாளாகப் பிடித்த சண்டை இன்று தீர்ந்தது. அவர் எக்ஸ்எஃப் 45, அதாவது எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்கிறார், நான் வெரி ஃபைனுக்குக் கொஞ்சம் மேலே என்கிறேன். மாறி மாறிப் படம், மாறி மாறி அம்புக்குறி. கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறோம்.

அவர் பேசுவது அமெரிக்க அளவு. ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்கப் பெரிய செப்புச் சதங்களுக்காக எழுதிய 1 முதல் 70 வரையான எண், இப்போது எல்லாக் காசுக்கும் போடுகிறார்கள். நான் பழகியது பிரிட்டிஷ் சொற்கள். பிரிட்டிஷ் அளவு இறுக்கம்: அவர்கள் வெரி ஃபைன் என்பதை அமெரிக்காவில் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்பார்கள், அவர்களுடைய எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் அங்கே "புழங்கியும் புழங்காதது" என்ற ஏயூ தட்டுக்குப் போய்விடும். பறையாலும் மரைக்காலாலும் ஒரே நெல்லை அளந்துவிட்டு, கூடியதோ குறைந்ததோ என்று அடிபட்ட மாதிரி.

ஏலம் லண்டனில். அப்போ அவர்கள் எழுதிய "குட் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்" பிரிட்டிஷ் அளவில் இருக்க வேண்டும். அந்த அளவில் பார்த்தால் ஒரு படிக்கு மேல் தூக்கித்தான் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க அளவில் என்றால் கிட்டத்தட்ட உண்மை. எந்த அளவு என்று பட்டியலில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. மருமகனிடம், அடுத்த முறை கை தூக்குவதற்கு முன், காசைச் சாய்த்துத் திருப்பி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பெரிய இடங்களில் கேட்டால் தருவார்கள். கேட்க வெட்கப்படுகிறவனுக்குத்தான் 62 பவுண்ஸ்.

நவம்பர் 16, மாலை 4.40

மழை பிடித்துவிட்டது. அலுமாரிக்குள் வைத்த சேட்டில் பூஞ்சணம். காசை எடுத்துப் பார்த்தேன், மர இலையின் அடியில் பச்சை. வயிற்றைக் கலக்கியது.

நவம்பர் 16, இரவு 10.05

இரண்டு பச்சை. ஒன்று இலையடியில் குண்டூசித் தலை அளவு, கடினமாக, கரும்பச்சை. மற்றது எழுத்துகளின் மேல் மெல்லிய ஈரப்பசை மாதிரி, தொட்டால் ஒட்டும்போல. இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது: ஏலத்தில் போட்டுத் தந்த அதே மெத்தென்ற பிளாஸ்ரிக் உறையில்தான் இத்தனை நாளும் வைத்திருந்தேன். பிவிசி உறை. வெக்கையிலும் ஈரத்திலும் அது கசிந்து செம்பைத் தின்னத் தொடங்கும். மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே என் காசை நஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறேன்.

தேங்காய் எண்ணெய் பூசச் சொன்ன அக்காவுக்கு: வேண்டாம் அக்கா. எண்ணெய் தூசியை இழுக்கும், நிறத்தைக் கறுப்பாக்கும், பச்சையைக் கழுவாது. புளி சொன்னவருக்குப் பதில் இல்லை.

நவம்பர் 19, இரவு 8.30

பிவிசிப் பசைக்கு மருந்து அசற்றோன். நகப்பூச்சு அழிக்கிற திரவம் இல்லை, அதில் வாசனை, சாயம், எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். சுத்தமான அசற்றோன் எங்கே தேடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பாமசியில் இல்லை. பிறகு முல்லைத்தீவில் வள்ளம் திருத்துகிற மச்சான் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். ஃபைபர் வள்ளத்துக்கு ரெசின் பூசுகிறவர்கள் பிரஷ் கழுவுவதே அசற்றோனில்தானே. ஒரு சோடாப் போத்தலில் கால்வாசி ஊற்றித் தந்தார். "என்னத்துக்கு?" "ராணி குளிக்க." ஒன்றும் கேட்கவில்லை, கடற்கரையில் இதைவிட விசித்திரமானவர்களைப் பார்த்திருக்கிறார்.

கொண்டுவந்ததும் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காயவிட்டேன். வட்டம் படிந்தது, அழுக்கு. போத்தலின் மேல்பாதியை வேறாக வடித்து மறுபடி சொட்டு விட்டேன். அடையாளம் இல்லாமல் காய்ந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் காசு, மேலே அசற்றோன், மூடி. அடுப்பு, சிகரெட் எதுவும் கிட்டப் போகக்கூடாது, பெற்றோல் மாதிரி பிடிக்கும். இருபது நிமிடத்துக்குப் பிறகு எடுத்து, புதிதாக ஊற்றி இன்னொரு தரம். துடைக்கவே இல்லை. விளிம்பில் பிடித்து மல்லாக்கக் காயவிட்டேன்.

பசை போய்விட்டது. காசின் நிறம் துளியும் மாறவில்லை. அசற்றோன் பசையைத்தான் கரைக்கும், செம்பின் தோலைத் தொடாது.

நவம்பர் 24, காலை 7.50

குண்டூசித் தலைப் பச்சை அப்படியே இருக்கிறது. "முள்ளால் கிளறி எடுங்கோ" என்று ஒருவர். எடுக்கமாட்டேன். அடியில் குழி இருக்கும், கிளறினால் பச்சைக்குப் பதில் ஒரு பளிச்சென்ற புண் மிஞ்சும். பயப்பட வேண்டிய பச்சை வேறு: வெளிறின நிறம், மாவாக உதிரும், ஈரத்தில் நாளுக்கு நாள் பரவும். மண்ணிலிருந்து எடுத்தபோது ஐயாவின் சதக்காசு இரண்டில் அது இருந்தது. இது கடினம், கண்ட நாளிலிருந்து அளவும் மாறவில்லை. படம் எடுத்துத் திகதி போட்டு வைத்திருக்கிறேன், தையில் மறுபடி பார்ப்பேன்.

ஐயா இருந்திருந்தால் இதைப் பார்த்துச் சித்தாந்தம் பேசியிருப்பார். ஆணவ மலத்துக்கு உவமை செம்பிற் களிம்புதானே, செம்பு தோன்றிய அன்றே கூடப் பிறந்தது என்பார். அதை நீக்கத் திருவருள் வேண்டும், முல்லைத்தீவு அசற்றோன் போதாது.

நவம்பர் 24, காலை 8.05

உறை மாற்றிவிட்டேன். மைலார் என்ற, பிவிசி இல்லாத மெல்லிய பிளாஸ்ரிக் ஒட்டிய காகித அட்டை, அதோடு சப்பாத்துப் பெட்டியில் வந்த சிலிக்கா பொட்டலம். சிலிக்கா இந்த மழையில் இரண்டு கிழமையில் நனைந்து செத்துவிடும், மாற்ற வேண்டும்.

டிசெம்பர் 8, மாலை 6.20

கேட்டவர்களுக்கு என் முடிவு: அமெரிக்க அளவில் 45, பிரிட்டிஷ் அளவில் வெரி ஃபைனுக்கு மேலே, மர பக்கம் ராணி பக்கத்தைவிட ஒரு படி கூட. நிறம் மண்ணிறம், எழுத்தோரங்களில் மட்டும் பழைய சிவப்பு. கழுவப்படவில்லை. ஒரு களிம்புப் புள்ளி. வெளிநாட்டுக்கு அனுப்பிப் பெட்டியில் அடைத்து எண் வாங்க மாட்டேன், அதற்கான செலவு காசின் விலையைத் தாண்டும். 62 பவுண்ஸ் கூடின விலைதான். ஆனால் வயிறு எரியவில்லை.

இன்று இரண்டு அஞ்சு சதத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐயாவுடையது 18.2 கிராம். புழக்கம், மண், புளி மூன்றும் சேர்ந்து தின்றது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தா. ஐயாவின் காசை உடனே அடையாளம் கண்டுவிட்டா. மற்றதை விரலால் தள்ளினா.

"உது ஏன் இப்பிடிக் கறுத்துக் கிடக்கு? கொஞ்சம் புளி கரைக்கட்டோ?"

அலுமாரித் திறப்பு இப்போது என் சேட்டுப் பைக்குள் இருக்கிறது.